ஹேஷ்டேக் பிறந்த கதை

ஸ்மார்ட்போன் வராத காலத்தில் கழுகுமலைக் கடைத்தெருவில் ரீசார்ஜ் கார்டு வாங்கியவர்களுக்கு # என்ற குறியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கார்டின் வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டி, ஸ்டார் போட்டு, எண்களை ஒவ்வொன்றாக அமுக்கி, கடைசியில் அந்தக் குறியையும் அமுக்கினால்தான் பைசா ஏறும். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் அதே முறைதான். "கடைசில ஹேஷ் போட்டியாப்பா?" என்று கடைக்காரர் கேட்பார். போடாமல் விட்டிருப்போம். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் அக்காமார்களுக்கும், கம்பும் உளுந்தும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் சம்சாரிக்கும் அந்தப் பொத்தான் விரலுக்குப் பழகிப்போன ஒன்று. உலகத்தின் கவனத்தை ஓர் ஊர்ப்பக்கம் திருப்புகிற குறியாக அது மாறும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள்கூட நினைக்கவில்லை.

குறியின் வயது பெரியது. ரோமானியர்களின் எடை அளவுக்கு 'லிப்ரா பாண்டோ' என்று பெயர். அதைச் சுருக்கி இரண்டு எழுத்தாக்கி, சுருக்கம் என்று தெரிவதற்காக மேலே ஒரு கோடு இழுத்தார்கள். கணக்கப்பிள்ளைகள் அவசர அவசரமாக எழுதி எழுதி, எழுத்து கரைந்து நான்கு கோடுகள் மிஞ்சின. அமெரிக்காவில் இன்றும் அதைப் பவுண்டு குறி என்கிறார்கள். 1968-ல் பெல் தொலைபேசி நிறுவனத்தார் பொத்தான் தொலைபேசியில் பத்து எண்களோடு நட்சத்திரத்தையும் இதையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். மனிதருக்கு மனிதர் பேசுவதற்கு இந்த இரண்டும் தேவையில்லை. இயந்திரத்துக்குக் கட்டளை கொடுப்பதற்காகச் சேர்த்தவை அவை. நாம் பாக்கி பார்த்தது அந்த ஏற்பாட்டின் வழியாகத்தான்.

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்க்காரினென் என்ற இளைஞர், பலர் ஒரே நேரத்தில் எழுத்தால் உரையாடிக்கொள்ளும் ஒரு முறையை எழுதினார். ஐ.ஆர்.சி. என்று அதற்குப் பெயர். அதில் பேச்சு நடக்கும் ஒவ்வோர் அறைக்கும் பெயர் உண்டு. பெயருக்கு முன்னால் # வரும். 1991 ஆகஸ்டில் சோவியத் யூனியனில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, வானொலியும் தொலைக்காட்சியும் கெடுபிடிக்குள் இருக்க, இந்த அறைகளின் வழியாகச் செய்தி வெளியே போனது. பின்னால் நடக்கப்போவதற்கு அது ஒரு முன்னோட்டம்.

இனி கதையின் நடுப்பகுதி. 2006-ல் ட்விட்டர் பிறந்தது. குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள்தான் கொள்ளும். அதில் அனுப்புபவர் பெயருக்கு இடம் விட்டு, மிச்சம் 140 எழுத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் சொன்னார்கள். எல்லாம் ஒரே குவியலாக வந்து விழுந்தது. சாப்பாட்டைப் பற்றியும் மாநாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதியவை கலந்து கிடந்தன. ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வழியில்லை.

கிறிஸ் மெஸினா என்பவர் அப்போது சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். ட்விட்டரின் ஊழியர் அல்லர். அதைப் பயன்படுத்திய ஆயிரம் பேரில் ஒருவர். 'பார்கேம்ப்' என்று, அழைப்பிதழும் தலைமையுரையும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்ற கணினிக் கூட்டங்களை நடத்தும் குழுவில் இருந்தவர். சென்னையிலும் 2006-ல் ஒரு பார்கேம்ப் நடந்தது. 2007 ஆகஸ்ட் 23 அன்று அவர் ட்விட்டரில் ஒரு கேள்வி போட்டார். குழுக்களுக்கு முன்னால் இந்தக் குறியைப் போட்டால் என்ன, பார்கேம்புக்கு இப்படிப் போடலாமே என்று. ஒரே வரி. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

ஊரில் சலவைக்காரர் வீடு வீடாக எடுத்த துணிகளை ஒன்றாகத்தான் வெள்ளாவியில் வைப்பார். ஆனாலும் யார் வேட்டி யாருக்கு என்று மாறாது. ஓரத்தில் சேராங்கொட்டை மையில் ஒரு குறி இருக்கும். மெஸினா செய்தது அந்த வேலைதான். துணியைப் பிரித்து வைக்கப் புதிதாக ஒரு கட்டடம் கேட்கவில்லை, அதிகாரி கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு குறி போடுங்கள் என்றார்.

ஏன் இந்தக் குறி? ஐ.ஆர்.சி. அறைகளின் பழக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அன்றைய சாதாரண பொத்தான் போனிலேயே அது இருந்தது. விலை உயர்ந்த கருவி வைத்திருப்பவர் மட்டும் போடக்கூடிய குறியாக இருக்கக் கூடாது என்று அவர் யோசித்திருக்கிறார். நம்மூர் ரீசார்ஜ் கடையில் அமுக்கிய அதே பொத்தான், அதே கீழ் வரிசை.

ட்விட்டர் அலுவலகத்துக்கும் போய் இதைச் சொன்னார். கணினிப் பித்துப் பிடித்தவர்களுக்குத்தான் இது புரியும், பொதுமக்களிடம் எடுபடாது என்ற பொருளில் பதில் கிடைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். ஆனால் அந்த அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் காட்டுத்தீ பிடித்தது. நேட் ரிட்டர் என்ற உள்ளூர்க்காரர், எந்தத் தெருவைக் காலி செய்யச் சொல்கிறார்கள், எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். மெஸினா அவரிடம் அந்தக் குறியோடு எழுதச் சொன்னார். #சான்டியேகோஃபயர் என்று அவர் எழுத, மற்றவர்களும் அதையே எழுத, தீயைப் பற்றிய சேதி எல்லாம் ஒரு நூலில் கோத்துக்கொண்டது. கூடி எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைத்தபோதுதான் குறிக்கு உயிர் வந்தது.

2009 ஜூன் மாதம் ஈரான் தேர்தலுக்குப் பிறகு தெருவில் இறங்கியவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அந்த ஜூலையில்தான் ட்விட்டர், ஹேஷ்டேக்கைத் தொட்டால் அதே குறியுள்ள எல்லாப் பதிவும் திறக்கும்படி இணைப்பு கொடுத்தது. 2011-ல் இன்ஸ்டாகிராம், 2013-ல் ஃபேஸ்புக். 2014-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

மெஸினா இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாகி, இன்னொரு நிறுவனம் அதைத் தொட்டிருக்காது. ட்விட்டரில் ஒருவரை விளிக்க @ போடுவதும் பயனாளர்கள் தொடங்கிவைத்த பழக்கம்தான். அடுத்தவர் சொன்னதை அவர் பெயரோடு மறுபடி எழுதி அனுப்புவதும் அப்படியே. அதை முன்பெல்லாம் கையால் நகலெடுத்து எழுதுவார்கள். 2009 நவம்பரில் நிறுவனம் அதற்கொரு பொத்தான் வைத்தது. அந்தப் பொத்தானைக் கட்டிய குழுவின் தலைவர் கிறிஸ் வெதரெல், அதைச் செய்ததற்காகப் பத்து வருடம் கழித்து வருந்தினார். கையால் எழுதும்போது படித்துத்தான் எழுதுவோம். பொத்தான் வந்தபின் படிக்காமலே தட்டுகிறோம். மக்கள் கண்டுபிடித்ததை நிறுவனம் எளிதாக்கும்போது கூடவே எதையோ பிடுங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். ஹேஷ்டேக்கிற்கு மட்டும் அந்தக் கதி முழுமையாக வரவில்லை. இன்றைக்கும் அதை யாரோ ஒருவர் யோசித்து, எழுத்தெழுத்தாகத் தட்டித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தமிழர்கள் அதைப் பெரிய அளவில் எடுத்தது 2011 ஜனவரியில். நாகப்பட்டினம், புதுக்கோட்டை கடற்கரையிலிருந்து போன மீனவர்கள் கடலில் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். இலங்கைக் கடற்படைதான் செய்தது என்று உடன்போனவர்கள் சொன்னார்கள், கடற்படை மறுத்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே தேசியத் தொலைக்காட்சிகளில் அது ஓரமாகப் போய்க்கொண்டிருந்த நேரம். பெங்களூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் கணினி முன்னால் இருந்த தமிழ் இளைஞர்கள் #டிஎன்ஃபிஷர்மேன் என்று எழுதத் தொடங்கினார்கள். இந்திய அளவில் அது மேலே ஏறியது. அதற்குப் பிறகு ஆங்கிலப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. அந்தக் குறியை அவர்கள் ஆங்கில எழுத்தில்தான் எழுதினார்கள். அன்றைக்கு வேறு வழியில்லை. ரஷ்ய, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கே 2011 ஜூலையில்தான் ட்விட்டர் கதவைத் திறந்தது. தமிழ் மீனவனின் சாவை ஆங்கில எழுத்தில் சொன்னால்தான் சேரும் என்ற நிலை அது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். அடையாறு கரை தாண்டிய இரவில் #சென்னைரெயின்ஸ் என்ற குறியின் கீழ் மாடியில் சிக்கிய முதியவர்களின் முகவரி, படகு வைத்திருப்பவரின் எண், தங்க இடம் தருபவரின் தெரு எல்லாம் வந்தன. முன்பின் அறியாதவர்கள் அவற்றை அட்டவணையில் ஏற்றினார்கள். அதில் ஒரு சிக்கல் முளைத்தது. மீட்கப்பட்டுவிட்டவரின் கோரிக்கை மறுநாளும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதனால் தொலைவூரில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணுக்கும் போன் போட்டு, "ஆள் வந்தாச்சா?" என்று கேட்டு, வந்திருந்தால் அடித்துவிடுகிற வேலையைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தில் நான் மிக மதிக்கும் வேலை அது. குறி போடுவது எளிது. போட்ட குறியை நேரத்தோடு அழிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். 2017 ஜனவரியில் குறி வழியாகவும் சேதி பரவி மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடியதையும், ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டம் வந்ததையும் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருகிறேன்.

கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைப் பார்க்க ஏறுகிறவர்கள் சமணச் சிற்பங்களையும் பார்த்திருப்பார்கள். பாறைச் சுவரில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பல உருவங்களின் கீழே வட்டெழுத்தில் ஒரு வரி, இரண்டு வரி இருக்கிறது. இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்பதுதான் அதில் உள்ள செய்தி. பாண்டிய மன்னனின் மெய்க்கீர்த்தி போல நீண்ட புகழ்ச்சி கிடையாது. எங்கோ ஓர் ஊரிலிருந்து வந்தவர், அவருடைய ஆசிரியர், குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்கள், இவர்கள் பெயர்தான். ஒரே பாறையில், ஒரே வகை உருவத்தின் கீழ், வெவ்வேறு ஊர்க்காரர்கள் தங்கள் பெயரைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அரசனுக்குச் செப்பேடு இருந்தது, கோபுரம் இருந்தது. இவர்களுக்கு இந்தச் சுவர் இருந்தது. பெயர் நிற்க ஓர் இடம் வேண்டும் என்கிற ஆசை இந்தக் கரிசல் பூமிக்குப் புதிதில்லை.

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லித் தூத்துக்குடியில் நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அந்தப் படங்களைக் கையில் போன் வைத்திருந்தவர்கள் எடுத்து அனுப்பியதால் உலகம் பார்த்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு ஆணையிட்டது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கழுகுமலையிலும் இணையம் இல்லை. சென்னையிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தூத்துக்குடி என்று குறி போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிக்காரர்களால் மட்டும் எழுத முடியவில்லை. குறி யாருக்கும் சொந்தமில்லைதான். ஆனால் அது ஓடுகிற கம்பிக்குச் சொந்தக்காரர் உண்டு, சாவி உண்டு. அந்த நாள்களில் அதைக் கற்றோம்.

இரண்டு வருடம் கழித்து 2020 ஜூன். கொரோனா ஊரடங்கு. அதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்ற வியாபாரியையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஜூன் 19 அன்று போலீஸ் பிடித்து வைத்தது. நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அது ஒரு செல்போன் கடை. மறுநாள் இருவரையும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன், 23-ஆம் தேதி விடியற்காலை தகப்பன், கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்கள்.

வியாபாரிகள் கடையடைத்தார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதோடு வழக்கம்போல அடங்கிப்போயிருக்கும். ஆனால் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. #பிளாக்லைவ்ஸ்மேட்டர் என்று இந்தியாவிலும் பலர் எழுதிக்கொண்டிருந்த நேரம். தமிழ் இளைஞர்கள் #ஜஸ்டிஸ்ஃபார்ஜெயராஜ்அண்ட்பென்னிக்ஸ் என்று எழுதினார்கள். பாடகி சுசித்ரா, நடந்ததாகத் தான் அறிந்ததை ஆங்கிலத்தில் சொல்லி ஒரு காணொளி போட்டார். தென்னாட்டில் நடப்பதை ஆங்கிலத்தில் யாரும் சொல்லாததால் அது வெளியே தெரிவதில்லை என்பது அவர் ஆதங்கம். காணொளி நாடெங்கும் பரவியது. கிரிக்கெட் வீரர்களும் இந்தி நடிகர்களும் சாத்தான்குளம் என்ற பெயரை எழுதினார்கள்.

அந்தக் காணொளியில் சொன்னவை எல்லாம் உண்மையில்லை, மிகைப்படுத்தியவை என்று சி.பி.சி.ஐ.டி. போலீஸ் ஜூலையில் அறிவித்தது. சுசித்ரா அதை நீக்கினார். இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஹேஷ்டேக் கூட்டத்தைக் கூட்டும். நடந்தது என்ன என்று நிலைநாட்ட அதனால் முடியாது. அந்த வேலையைச் செய்தவர்கள் வேறு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. நீதிமன்றம் சொல்லி, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கே நேரில் போனார். போலீசார் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. கண்காணிப்புக் கேமராவில் பதிவு எதுவும் தங்காதபடி தினம் தினம் தானாக அழியுமாறு வைத்திருந்தது தெரியவந்தது. அந்த நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, இருவரையும் விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததையும் நடுவரிடம் வாக்குமூலமாகச் சொன்னார். சக போலீசார் வெளியே நிற்க, உள்ளே இருந்து சொன்னார். காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீசார் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

வெளியே அத்தனை பேர் ஒரே பெயரை எழுதிக்கொண்டிருந்தது ரேவதிக்குத் துணிச்சல் கொடுத்ததா என்று நான் சொல்ல முடியாது. அவர் மனசாட்சி அவருடையது. ஆனால் நாடே பார்த்துக்கொண்டிருந்த நாள்களில் அந்தக் காவல் நிலையக் கதவை மூடிவிட முடியாமல் போனது என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன்னாலும் லாக்கப்பில் சாவுகள் நடந்திருக்கின்றன. அந்தச் சாவுகளுக்குப் பெயர் சேரவில்லை, குறி சேரவில்லை. நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துபோயின.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறை இருக்கிறது. ஹேஷ்டேக் எழுதத் தெரிந்தவர்களின் கருவி. தட்டச்சு வர வேண்டும், பொது இடத்தில் எழுதப் பழக்கம் வேண்டும். இந்தக் கரிசல் பக்கம் அதிகம் ஓடுவது வாட்ஸ்அப். அதிலும் எழுத்தைவிடக் குரல்தான். 2013-ல் அந்த வசதி வந்த பிறகு, எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களும் தாராளமாகப் பேச ஆரம்பித்தார்கள். தெருக் குழுவில் வரும் ஒரு பதிவைக் கேட்டால் தெரியும். பின்னால் கோழி கொக்கரிக்கும், யாரோ பாத்திரம் கழுவுவார்கள், நடுவில் அந்த அம்மா மூச்சுவிடாமல் பேசும்: "ஏலே தம்பி, மேலத்தெருவுல தண்ணி வந்து எத்தனை நாளாச்சு, கேக்க நாதியில்ல, யாராச்சும் மேல சொல்லுங்கப்பா, எங்களுக்கு எழுதத் தெரியாது பாத்துக்கிடுங்க." எழுத்தாளர் கி.ராஜநாராயணன் இடைசெவலில் இருந்துகொண்டு, அச்சில் ஏறாத இந்தப் பேச்சுச் சொற்களைப் பொறுக்கிச் சேர்த்து வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டார். அந்தப் பேச்சு இன்றைக்கு அதே தொனியோடு, அதே கோபத்தோடு போனில் பதிவாகிறது. ஆனால் அந்தக் குழுவைத் தாண்டிப் போவதில்லை. அதன் ஓரத்தில் குறி போட வழியில்லை. மேலத்தெரு அம்மா சொன்னதும் பக்கத்து ஊர் அம்மா சொன்னதும் ஒரே குறை என்று யாருக்கும் தெரியாது, இரண்டும் சேராது.

குறைகள் ஒன்றுசேர்ந்தால் பலன் உண்டு. தீப்பெட்டித் தொழிலில் முதலாளிகளுக்குச் சங்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் லைட்டரால் தொழில் நசிகிறது என்று அவர்கள் விடாமல் மனுக் கொடுத்தார்கள். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த விலை லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. ஹேஷ்டேக் இல்லாமலே நடந்தது அது. ஆனால் குச்சி அடுக்குகிறவரின் கூலி, முதுகுவலி, மருந்து நெடி பற்றி அவரே பேசிய பதிவுகள் எத்தனையோ போன்களில் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்க ஒரு வழி வேண்டும். எழுதாமலே போடக்கூடிய குறியாக, குரலாலேயே போடக்கூடியதாக, தமிழில், அதுவும் கரிசல் தமிழில் புரிந்துகொள்வதாக இருக்க வேண்டும். பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. மேலத்தெரு அம்மாவின் வேகத்தில் அவை திணறுகின்றன. கோவில்பட்டியில் பொறியியல் கல்லூரி இருக்கிறது, அதில் தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அம்மா பேசுவது அவர்களுக்குப் புரியும். அந்த மென்பொருளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவர்கள்தான் செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவருக்கு அந்தப் பேச்சு பிடிபடாது.